தண்ணீரைக் கணினியில் ஓடவிடுவது: வன்னியில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படித்தவன் நான். நீரும் காற்றும் எப்படி ஓடும் என்று கணினியில் கணிப்பதுதான் இப்போது வேலை. ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரே மாதிரிக் கேள்விகள் வருகின்றன. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிற பிள்ளைகள் கேட்கிறார்கள், கம்பஸ் பிள்ளைகள் கேட்கிறார்கள், முரசுமோட்டைப் பக்கம் வயல் செய்கிற என் மாமா கேட்கிறார். மாமாவின் கேள்விகள்தான் கஷ்டமானவை. திரும்பத் திரும்ப வாயால் சொல்லிக் களைத்துப் போனதால் எழுதி வைத்துவிட்டேன்.

சி.எஃப்.டி. என்கிறீர்களே, அது என்ன?

ஓடக்கூடிய எதுவும் எப்படி ஓடும் என்பதை எண்களாகக் கணிக்கும் வேலை. தண்ணீர், காற்று, எண்ணெய், இரத்தக் குழாயில் ஓடும் இரத்தம் எல்லாம் இதற்குள் அடங்கும். இவற்றைப் பாய்மம் என்பார்கள், பாயி என்பாரும் உண்டு. கணினிசார் பாய்ம இயக்கவியல் என்பது முழுப்பெயர். அதைச் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும் என்பதால் எல்லாரும் சி.எஃப்.டி. என்றே சொல்கிறோம்.

யோசனை கமக்கார அமைப்பின் கணக்குக் கொப்பி மாதிரித்தான். ஒரு வாய்க்காலை மனத்துக்குள் சிறு சிறு பெட்டிகளாக வெட்டுங்கள். கொப்பியில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பக்கம். மேல்பக்கத்தால் எவ்வளவு தண்ணீர் வந்தது, கீழ்ப்பக்கத்தால் எவ்வளவு போனது, மிச்சம் எவ்வளவு? இந்தப் பெட்டியில் போனதாக எழுதியது அடுத்த பெட்டியில் வந்ததாக இருக்க வேண்டும். இடையில் ஒரு சொட்டும் களவு போகக் கூடாது. தண்ணீரின் திணிவுக்கு மட்டுமல்லாமல் உந்தத்துக்கும் வெப்பத்துக்கும் இதே கணக்குத்தான். ஒரு செக்கனுக்குக் கணக்கு முடிந்தால் அடுத்த செக்கன். மிச்சமெல்லாம் இந்தக் கொப்பியை எப்படி வேகமாகவும் பிழையில்லாமலும் எழுதுவது என்பது பற்றிய நூறு வருடச் சண்டை.

சமன்பாடு இருக்கிறதே. பேப்பரில் தீர்த்தால் என்ன?

சமன்பாடு பழையது. பிரான்சின் நேவியர் 1822இல் எழுதினார், ஸ்டோக்ஸ் 1845இல் அதைத் திருத்தமாக நிறுவினார். இருவர் பெயரையும் சேர்த்து நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடு என்கிறோம். நேரான குழாயில் மெதுவாக ஓடும் தண்ணீர், இரண்டு தட்டுகளுக்கிடையில் ஓடும் எண்ணெய் போன்ற சாதுவான சந்தர்ப்பங்களுக்குப் பேப்பரிலேயே விடை வரும். குழாயில் ஒரு வளைவை வைத்தால் போதும், பேனையை மூடிவிட வேண்டியதுதான்.

காரணம், இங்கே வேகம் தன்னைத்தானே காவிக்கொண்டு போகிறது. ஓடும் தண்ணீர் தன் ஓட்டத்தையும் அடுத்த இடத்துக்கு எடுத்துச் செல்கிறது. சமன்பாட்டில் வேகத்தை வேகத்தால் பெருக்கும் ஓர் உறுப்பு இருக்கிறது. இரண்டு விடைகளைக் கூட்டினால் இன்னொரு விடை வரும் என்ற வசதி அந்த இடத்தில் போய்விடுகிறது.

முப்பரிமாணத்தில் இந்தச் சமன்பாட்டுக்கு எப்போதும் ஒழுங்கான தீர்வு இருக்குமா என்பதே இன்னும் நிரூபிக்கப்படவில்லை. 2000ஆம் ஆண்டில் கிளே கணித நிறுவனம் அறிவித்த ஏழு கணக்குகளில் இதுவும் ஒன்று. பரிசு 10 இலட்சம் டொலர். “இருக்கிறதா என்றே தெரியாத தீர்வை நீங்கள் எப்படி அண்ணா கணிக்கிறீர்கள்?” என்று ஒரு தங்கச்சி கேட்டாள். நல்ல கேள்வி. அந்த நிரூபணம் வரும்வரை வாய்க்கால் ஓடாமல் நிற்பதில்லை, நாங்களும் நிற்பதில்லை என்றேன். அவளுக்கு அது திருப்தியாக இல்லை. கணிதம் படிக்கப் போகிற பிள்ளைக்கு அது திருப்தியாக இருக்கவும் கூடாது.

கணினி வருமுன் என்ன செய்தார்கள்?

கையால் செய்தார்கள். அதில் ஒருவர் போர்முனையில் இருந்து செய்தார்.

லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் ஒரு ஆங்கிலேயர், குவேக்கர் சமயத்தவர். ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று முதலாம் உலகப் போரில் பிரான்சில் அம்புலன்ஸ் பிரிவில் வேலை செய்தார். காயப்பட்டவர்களை ஏற்றி இறக்கும் வேலைக்கிடையில், ஐரோப்பாவின் வளிமண்டலத்தைப் பெட்டிகளாகப் பிரித்து, 1910 மே 20ஆம் திகதிய வானிலையை ஆறு மணித்தியாலம் முன்னோக்கிக் கணித்துப் பார்த்தார். நடுவில் ஒரு சண்டையில் கையெழுத்துப் பிரதி தொலைந்து, பல மாதங்கள் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்குக் கீழே கிடைத்தது. இடப்பெயர்வில் கொப்பி, சான்றிதழ் தொலைத்த எங்கள் ஆட்களுக்கு இந்த இடம் நன்றாக விளங்கும்.

விடை என்ன வந்தது? ஆறு மணித்தியாலத்தில் வளியமுக்கம் 145 ஹெக்டோபஸ்கால் ஏறும் என்று வந்தது. பெரிய புயல் ஒன்று தலைக்கு மேலால் கடந்தாலும் அமுக்கம் அவ்வளவு மாறாது. உண்மையில் அன்று அது அசையவே இல்லை. அந்தத் தோல்வியை அவர் மறைக்கவில்லை, 1922இல் அப்படியே அச்சிட்டார். முறையில் பெரிய பிழை இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. தொடக்கத்தில் கொடுத்த காற்றும் அமுக்கமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருந்திருக்கின்றன. அந்தத் தரவுகளைச் சமன்படுத்திவிட்டு, அதே முறையில் கணித்துப் பார்த்தபோது விடை அளவாக வந்தது. இந்தக் கதையைப் பின்னால் திரும்பவும் இழுப்பேன்.

அந்த 1922 நூலிலேயே ஒரு கனவும் இருக்கிறது. 64,000 பேர் ஒரு பெரிய வட்ட மண்டபத்தில் இருந்து, ஆளுக்கொரு பெட்டியின் கணக்கைச் செய்து, பக்கத்தில் இருப்பவருக்கு விடையைக் காட்டுவார்கள். நடுவில் ஒருவர் எல்லாரையும் ஒரே வேகத்தில் வைத்திருப்பார். இன்றைய சூப்பர் கணினி செய்வது அச்சொட்டாக இதைத்தான். 1950இல் எனியாக் என்ற கணினியில் 24 மணித்தியால வானிலையைக் கணிக்க ஏறத்தாழ 24 மணித்தியாலம் பிடித்தது. விடை வரும்போது நாளையும் வந்துவிட்டிருக்கும்.

இன்னொருவர் ஜப்பானின் கவகுத்தி. ஓர் உருளையைச் சுற்றி ஓடும் பாய்மத்தைக் கைச்சுழற்சிக் கணிப்பானில் கணித்து 1953இல் வெளியிட்டார். வாரத்துக்கு 20 மணித்தியாலமாக ஒன்றரை வருடம். இன்றைக்கு அதை ஒரு பழைய மடிக்கணினி தேநீர் குடித்து முடிப்பதற்குள் செய்துவிடும்.

கையால் ஒரு சின்னக் கணக்குச் செய்து காட்ட முடியுமா?

காட்டலாம். பேனை எடுங்கள், ஏனென்றால் இந்தத் துறையின் பாதி வில்லங்கம் இந்த ஒரு கணக்கில் இருக்கிறது.

ஒரு வாய்க்கால். தண்ணீர் செக்கனுக்கு அரை மீற்றர் ஓடுகிறது. 1 மீற்றர் நீளப் பெட்டிகளாகப் பிரிக்கிறோம். முதற்பெட்டியில் 100 அலகு சாயம், மற்றப் பெட்டிகளில் பூச்சியம். மேலேயிருந்து வரும் தண்ணீரில் சாயம் இல்லை. கணக்கை ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் முன்னே நகர்த்துகிறோமோ அது நேரப் படி. ஓட்டத்தின் வேகத்தை நேரப் படியால் பெருக்கிப் பெட்டியின் நீளத்தால் வகுத்தால் வருவது கூரன்ட் எண். விதி இதுதான்: ஒரு பெட்டியின் பழைய அளவிலிருந்து மேல்பெட்டியின் பழைய அளவைக் கழி, வந்ததைக் கூரன்ட் எண்ணால் பெருக்கு, அதைப் பழைய அளவிலிருந்து கழி. புதிய அளவு கிடைக்கும்.

முதலில் நேரப் படி 1 செக்கன். கூரன்ட் எண் 0.5. ஒரு படி முடிய: 50, 50. இரண்டாம் படி முடிய: 25, 50, 25. மொத்தம் 100, களவு இல்லை. ஆனால் இரண்டு செக்கனில் தண்ணீர் ஓடியது சரியாக 1 மீற்றர். சாயம் முழுவதும் இரண்டாம் பெட்டியில் இருந்திருக்க வேண்டும். இங்கே மூன்று பெட்டியில் பரந்து கிடக்கிறது. வாய்க்காலில் யாரும் அதைக் கரைக்கவில்லை, கரைத்தது எங்கள் கணக்கு. இதற்கு எண்சார் பரவல் என்று பெயர். மெல்லிய கலங்கல் கோடு ஒன்று படத்தில் அகலமான புகையாகத் தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இப்போது நேரப் படி 2 செக்கன். கூரன்ட் எண் 1. ஒரே படியில் 0, 100. அச்சுக் குத்தினமாதிரிச் சரி.

ஆசை கூடி 4 செக்கன் வைக்கிறோம். கூரன்ட் எண் 2. முதற்படி: மறை (மைனஸ்) 100, 200. இரண்டாம் படி: 100, மறை 400, 400. மூன்றாம் படி: மறை 100, 600, மறை 1,200, 800. கூட்டிப் பாருங்கள், ஒவ்வொரு படியிலும் மொத்தம் 100தான். கணக்குக் கொப்பி இடிக்கவில்லை. ஆனால் மறை 1,200 சாயம் என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. இன்னும் சில நூறு படி போனால் கணினி எண்ணை எழுத இடமில்லாமல் நின்றுவிடும்.

ஏன் இப்படி? 4 செக்கனில் தண்ணீர் இரண்டு பெட்டி கடக்கிறது, எங்கள் விதி ஒரு பெட்டி மட்டுமே மேலே பார்க்கிறது. எங்கிருந்து சாயம் வந்திருக்க வேண்டுமோ அந்தப் பெட்டியைக் கணக்கு எட்டிப் பார்க்கவேயில்லை. கூரன்ட், ஃபிரெட்ரிக்ஸ், லெவி என்ற மூவரும் இந்த நிபந்தனையை 1928இல் எழுதினார்கள். அப்போது கணினி இல்லை, அவர்கள் இதைக் கணினிக்காக எழுதவும் இல்லை. பெரிய நேரப் படியைத் தாங்கும் வேறு முறைகளும் உண்டு. அவற்றில் ஒவ்வொரு படியிலும் எல்லாப் பெட்டிகளையும் ஒன்றாகச் சேர்த்துத் தீர்க்க வேண்டும். வெடிக்காது, ஆனால் இன்னும் கூடக் கரைக்கும்.

பெட்டியைச் சின்னதாக்கிக்கொண்டே போனால் சரிதானே?

காசு இருந்தால் சரி. இரணைமடுக் குளத்துக்குக் கீழே 20 கிலோமீற்றர் நீளம், 10 கிலோமீற்றர் அகலம் கொண்ட நிலத்தை 10 மீற்றர் சதுரங்களாகப் பிரித்தால் 20 இலட்சம் பெட்டி. 2 மீற்றர் ஆழத் தண்ணீரில் அலை செக்கனுக்கு ஏறத்தாழ 4.4 மீற்றர் போகும், அதோடு ஓட்டத்தின் வேகம் ஒன்றரை மீற்றரைக் கூட்டினால் 6 மீற்றர். ஆகவே நேரப் படி 1.7 செக்கனுக்கு மேல் போக முடியாது. ஒரு நாள் வெள்ளத்துக்கு 51,000 படி. 20 இலட்சம் தர 51,000 என்றால் பத்தாயிரம் கோடித் தடவை பெட்டிக் கணக்கு. இதை இன்றைய கணினி செய்யும். பெட்டியை 5 மீற்றராக்கினால் எண்ணிக்கை நாலு மடங்கு, நேரப் படியும் பாதியாகும், வேலை எட்டு மடங்கு. 1 மீற்றராக்கினால் ஆயிரம் மடங்கு.

அதனால் எல்லா இடத்திலும் ஒரே அளவு பெட்டி வைப்பதில்லை. குளத்தின் மிகைநீரைத் திறந்துவிடும் வான்கதவடியில், பாலத்தடியில், அணைக்கட்டு ஓரத்தில் நெருக்கமாக வைத்து, வெட்டைவெளியில் பெரிதாக விடுவோம். பெட்டிகளின் இந்த வலையை மெஷ் என்போம். வேலையின் பாதி நாள் மெஷ் போடுவதில் போய்விடும் என்பதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. ஒரே கணக்கை மூன்று அளவு மெஷ்ஷில் செய்து விடை மாறாமல் நிற்கிறதா என்று பார்ப்பதைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள். ஒரே மெஷ்ஷில் எடுத்த விடையோடு வருகிற ஆய்வறிக்கையை நான் படிப்பதில்லை.

ஃபைனைட் டிஃபரன்ஸ், ஃபைனைட் வொல்யூம், ஃபைனைட் எலிமென்ட்: எதைப் படிப்பது?

மூன்றும் சமன்பாட்டைக் கணினிக்கேற்ற எண்கணக்காக மாற்றும் வழிகள். பாய்மம் என்றால் வொல்யூம். முன்னே சொன்ன கணக்குக் கொப்பி அதுதான்: பெட்டிச் சுவரைக் கடப்பதை எண்ணுவது. டிஃபரன்ஸ் முறை கைப்பழக்கத்துக்கு நல்லது. எலிமென்ட் முறை கட்டடம், பாலம் செய்பவர்களிடம் கூடப் புழங்கும். பரீட்சைக்கு மூன்றும் வரும்.

தண்ணீரின் அமுக்கத்துக்குத் தனிச் சமன்பாடு இல்லையாமே. பிறகு எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

இதை முதல்முறை கேட்டபோது நானும் முழித்தேன். தண்ணீர் நசியாது என்று எடுத்துக்கொண்டால், அமுக்கம் என்பது ‘ஒரு பெட்டிக்குள்ளும் தண்ணீர் கூடவும் கூடாது, குறையவும் கூடாது’ என்ற நிபந்தனையைக் காப்பாற்றத் தானாக அமைகிற ஒன்று. 1972இல் பட்டாங்கரும் ஸ்போல்டிங்கும் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஒரு வழி சொன்னார்கள், சிம்பிள் என்பது அதன் பெயர். அமுக்கத்தை ஊகி. அதை வைத்து வேகத்தைக் கணி. பெட்டிகளில் கணக்கு இடிக்கும். எங்கே தண்ணீர் சேர்கிறதோ அங்கே அமுக்கத்தைக் கூட்டு, எங்கே வற்றுகிறதோ அங்கே குறை. திரும்பவும் வேகத்தைக் கணி. இடிப்பது நிற்கும்வரை இப்படியே. பட்டாங்கர் புனேயில் பிறந்தவர். இன்றைக்குப் பாய்மம் கணிக்கும் மென்பொருள்கள் பல இந்த யோசனையின் பிள்ளைகள் அல்லது பேரப்பிள்ளைகள்.

கொந்தளிப்பு ஏன் இவ்வளவு பெரிய தலையிடி?

ஒஸ்போர்ன் ரெய்னோல்ட்ஸ் 1883இல் கண்ணாடிக் குழாயில் சாயம் விட்டுப் பார்த்தார். மெதுவாக ஓடினால் சாயம் நூல் மாதிரி நேராகப் போகும். வேகம் கூடினால் ஓரிடத்தில் நூல் குலைந்து குழாய் முழுவதும் கலங்கிவிடும், அந்தக் கலங்கல் ஓட்டம்தான் கொந்தளிப்பு. வேகத்தையும் குழாயின் விட்டத்தையும் பெருக்கி, பாகுமையை, அதாவது பாய்மத்தின் பிசுபிசுப்பை, சார்ந்த ஓர் எண்ணால் வகுத்து வருவது ரெய்னோல்ட்ஸ் எண். குழாயில் அது 2,000 தாண்டினாலே கவனம். 1 மீற்றர் ஆழமும் செக்கனுக்கு அரை மீற்றர் வேகமும் உள்ள வாய்க்காலுக்கு அது 5 இலட்சம். ஆகவே எங்கள் வாய்க்கால், ஆறு, வான் எல்லாம் கொந்தளிப்புத்தான்.

கொந்தளிப்பில் பெரிய சுழி சின்னச் சுழியாக உடையும், அது இன்னும் சின்னதாக உடையும், கடைசியில் மில்லிமீற்றருக்கும் குறைந்த சுழியாகி வெப்பமாய் அடங்கும். எல்லாச் சுழியையும் பெட்டிக்குள் பிடிக்க வேண்டுமென்றால் அந்த வாய்க்காலின் ஒரு சின்னத் துண்டுக்கே ஆறேழு இலட்சம் கோடிப் பெட்டி வேண்டும். அது முடியாதென்பதால் சுழிகளின் சராசரி விளைவை மட்டும் ஒரு மாதிரியால் ஈடுசெய்கிறோம். 1970களில் லோண்டரும் ஸ்போல்டிங்கும் நிலைநிறுத்திய கே-எப்சிலன் மாதிரி இன்றும் ஓடுகிறது. அதற்குள் ஐந்து மாறிலிகள்: 0.09, 1.44, 1.92, 1.0, 1.3. இவை கடவுள் கொடுத்த எண்கள் இல்லை, பரிசோதனைகளோடு பொருந்த வைத்தவை. பெருஞ்சுழிகளை மட்டும் நேரடியாகக் கணித்து, சின்னதை மாதிரிக்கு விடும் வழியும் இருக்கிறது. ஸ்மகொரின்ஸ்கி 1963இல் வளிமண்டலத்துக்காகத் தொடங்கியது அது. நல்லது, ஆனால் விலை கூட.

இரணைமடு வான்கதவு திறந்தால் வெள்ளம் எங்கே போகும் என்று இதால் சொல்ல முடியுமா?

2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு என்னிடம் கூடுதலாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. முடியும். ஆனால் அதற்குள் இருக்கிற ‘ஆனால்’கள்தான் முழு வேலையும்.

கனகராயன் ஆறு வவுனியாப் பக்கம் தொடங்கி வடக்கே வந்து இரணைமடுவை நிரப்புகிறது. குளம் வான் பாய்ந்தால் தண்ணீர் பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கமாகச் சுண்டிக்குளம் கடனீரேரிக்குப் போகிறது. இவ்வளவு அகலமான நிலத்தில் ஓரிரு மீற்றர் ஆழமாகப் பரவும் தண்ணீருக்கு முப்பரிமாணக் கணக்குத் தேவையில்லை. ஆழத்தைச் சராசரியாக்கிய ஆழமில்-நீர்ச் சமன்பாடு போதும். ஆற்றுக்கு அதன் ஒருபரிமாண வடிவத்தை செயின்ட்-வெனான் 1871இலேயே கொடுத்துவிட்டார்.

சமன்பாடு சரி, நிலம்? இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உயரப்படங்களில் பெயர்பெற்றது 2000 பெப்ரவரியில் விண்ணோடம் ரேடாரால் எடுத்தது. 30 மீற்றருக்கு ஓர் உயரம் தரும், அந்த உயரத்திலும் சில மீற்றர் பிழை வரும். அது காட்டின் தலையையும் பனங்கூடலையும் நிலம் என்று எண்ணிக்கொள்ளும். கிளிநொச்சி மாதிரித் தட்டை நிலத்தில் வெள்ளத்தின் வழியைத் தீர்மானிப்பது இரண்டடி வரம்பும் ஒரு வாய்க்கால் கட்டும். அவை அந்தப் படத்தில் இல்லவே இல்லை.

கம்பஸில் படிக்கும்போது அந்தப் படத்தை வைத்து ஒரு மாதிரி செய்தேன். றோட்டுகளை மட்டும் நான் போய் அளந்து சேர்த்தேன். நீலமும் சிவப்புமாக நல்ல வடிவான படம் வந்தது. பெருமையோடு மாமாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். “தம்பி, நீ விட்ட தண்ணி ஏன் றோட்டில முட்டி நிக்குது?” என்றார். “றோட்டு உயரம் மாமா.” “உயரம் சரி. கீழ மூண்டு மதகு இருக்கெல்லே. நான் மாடு தேடி அதுக்குள்ளால போயிருக்கிறன்.” மதகு எதையும் நான் போடவில்லை. என் மாதிரியில் அந்த றோட்டு ஒரு அணையாகி, மேல்பக்கத்து வயல் எல்லாம் அநியாயத்துக்குத் தாண்டு கிடந்தது. கணினி ஒரு எச்சரிக்கையும் தரவில்லை. கணக்கு ஆடாமல் ஒரு விடையில் வந்து நின்றது, திணிவு ஒரு சொட்டும் குறையவில்லை. ரிச்சர்ட்சனின் 145ஐ நினைத்துக்கொண்டேன். அவருடைய எண் சத்தம் போட்டுப் பிழை என்று சொன்னது, என்னுடையது வாயைத் திறக்கவில்லை.

அடுத்தது கரடு. தரையும் புல்லும் தண்ணீரை எவ்வளவு இழுத்துப் பிடிக்கின்றன என்பதற்கு மானிங் எண் போடுவோம். மானிங் அயர்லாந்துப் பொறியியலாளர், சூத்திரம் 1889. துப்புரவான மண் வாய்க்காலுக்கு 0.025 அளவில் போடலாம். புல்லும் நாணலும் மண்டினால் 0.05க்கு மேல் போகும். அதே சரிவு, அதே ஆழம், எண் இரட்டித்தால் வேகம் பாதி. சிரமதானம் செய்து வாய்க்கால் துப்புரவாக்கியிருக்கிறார்களா இல்லையா என்பது வெள்ளம் வரும் நேரத்தை மாற்றும். இதை எந்தச் செய்மதியும் சரியாகச் சொல்லாது, போய்த்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் ஓரளவு சரியாக இருந்தால் எது நம்பத்தக்கது? உங்கள் வீட்டு விறாந்தையில் எத்தனை அங்குலம் என்பதை நான் சொல்ல மாட்டேன். எந்தக் கிராமத்துக்கு முதலில் போகும், எத்தனை மணித்தியாலத்தில் போகும், குளம் 36 அடிக்கு வரும்வரை பொறுத்துக் கதவுகளை ஒன்றாகத் திறப்பதற்கும் முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பதற்கும் கீழே என்ன வித்தியாசம் என்பதைச் சொல்லலாம். ஒப்பிடும்போது பிழைகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் வித்தியாசம் கூடுதலாக நம்பத்தக்கது.

அப்போ முப்பரிமாணம் எப்போது வேண்டும்?

தண்ணீர் விழும் இடத்தில், சுழலும் இடத்தில். வான்கதவுக்குக் கீழே தண்ணீர் துள்ளி விழுந்து நுரைக்கும் இடம், குளத்திலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் துருசின் வாய், பாலத் தூணைச் சுற்றி மண் அரிக்கும் இடம். இங்கே நீர்மட்டம் எங்கே என்பதே தெரியாத கணியம். ஒவ்வொரு பெட்டியும் எவ்வளவு வீதம் தண்ணீரால் நிரம்பியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு போகும் வழியை ஹேர்ட்டும் நிக்கல்ஸும் 1981இல் சொன்னார்கள். 1 என்றால் தண்ணீர், 0 என்றால் காற்று, இடைப்பட்டது மேற்பரப்பு. முன்னே செய்த சாயக் கணக்கு ஞாபகமா? இங்கே அந்தக் கரைதல் வந்தால் நீர்மட்டமே புகையாகிவிடும். அதற்கென்றே தனி வித்தைகள் செய்து வைத்திருக்கிறார்கள்.

மன்னார்க் காற்றாடிகளுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. மன்னார்த் தீவில் 2020 டிசம்பரில் தொடங்கிய தம்பபவனியில் 30 காற்றாடி, மொத்தம் 103.5 மெகாவாற்று. ஒவ்வொன்றின் சுழலியும் 126 மீற்றர் விட்டம். ஒரு காற்றாடியைக் கடந்த காற்று களைத்துப் போய், கலங்கலாகப் பின்னால் நீண்ட தூரம் இழுபடும். அதற்குள் அடுத்த காற்றாடி நின்றால் அதற்குக் கிடைப்பது எச்சில் காற்றுத்தான். தெற்குக் கரையோரமாக வரிசையில் நிற்பதால் சோளகமும் (தென்மேற்குக் காற்று) வாடையும் (வடகிழக்குக் காற்று) வரிசைக்குக் குறுக்கே அடிக்கின்றன, பெரும்பாலும் தப்பித்துவிடும். காற்று வரிசையின் நீளத்துக்கு அடிக்கும் நாட்களில் எவ்வளவு இழப்பு என்பதைக் கணிப்பது சி.எஃப்.டி. வேலை. 2020இல் புரெவிப் புயலின் பாதையை முன்கூட்டிச் சொன்ன வானிலை மாதிரிகளும் இதே குடும்பம்தான்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி இது தேவையா?

வானிலையில் அது உண்மையாகவே நன்றாகச் செய்கிறது. ஆனால் அது படித்த தரவு, பல பத்தாண்டு அவதானிப்புகளைப் பழைய பாணி எண்சார் மாதிரிக்குள் கொடுத்துப் பெற்றது. இரணைமடுவுக்குக் கீழே எத்தனை வெள்ளத்துக்கு ஒழுங்கான அளவீடு இருக்கிறது, அது படிப்பதற்கு?

எந்த மென்பொருள்? என் மடிக்கணினி தாங்குமா?

வெள்ளத்துக்கு ஹெக்-ராஸ். அமெரிக்க இராணுவப் பொறியியல் பிரிவு இலவசமாகத் தருவது, 2016இன் ஐந்தாம் பதிப்பிலிருந்து இருபரிமாணமும் உண்டு. விண்டோஸில் ஓடும். முப்பரிமாணத்துக்கு ஓப்பன்ஃபோம், 2004இலிருந்து திறந்த மூலம், லினக்ஸ் பழக வேண்டும். படம் பார்க்கப் பாராவியூ, வரைபடத்துக்கு கியூ.ஜி.ஐ.எஸ். எல்லாம் இலவசம். பத்து இலட்சம் பெட்டிக்கு 1 ஜி.பி. நினைவகம் என்று ஒரு குத்துமதிப்பு வைத்துக்கொள்ளுங்கள். 8 ஜி.பி. மடிக்கணினியில் பழகுவதற்குத் தாராளம். காசு கொடுத்து வாங்கும் மென்பொருளின் திருட்டுப் பிரதியைத் தேடி அலைய வேண்டாம்.

ஆனால் முதல் மாதம் இவை ஒன்றையும் திறக்காதீர்கள். பைதனில் சாயக் கணக்கை எழுதுங்கள், ஐம்பது வரி வராது. அப்புறம் மேல்மூடி மட்டும் நகரும் சதுரப் பெட்டிக்குள் பாய்மம் சுழலும் கணக்கைச் செய்யுங்கள். கியா, கியா, ஷின் என்ற மூவர் 1982இல் அதற்கு அட்டவணையாக விடை கொடுத்திருக்கிறார்கள், ரெய்னோல்ட்ஸ் எண் 100இலிருந்து 10,000 வரை. உங்கள் எண்ணை அவர்களுடைய எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முதல்முறை பொருந்தாது. எனக்கும் பொருந்தவில்லை, ஒரு கூட்டல் குறி மாறியிருந்ததைக் கண்டுபிடிக்க நாலு நாள் போனது.

“தம்பி, உந்தப் பெட்டிக்கு எங்கட ஆத்தைப் பற்றி என்ன தெரியும்?”

மாமாவின் கேள்வி. ஒன்றும் தெரியாது மாமா, நீங்கள் சொல்வதுதான் தெரியும்.

இந்த முறை விடுமுறையில் அந்த மூன்று மதகையும் அளந்தோம். அகலம், உயரம், அடித்தளம். ஒன்றில் பாதி மண் அடைத்திருந்தது, அதையும் எழுதினேன். மட்டம் பார்க்கும் கருவி கையில் இல்லை. மேசன்மார் பாவிக்கும் தண்ணீர் ரியூப்பை மாமா எங்கேயோ இரவல் வாங்கி வந்தார். நான் றோட்டில் ஒரு முனை, அவர் மதகடியில் மறு முனை. பிறகு 2018 வெள்ளம் வந்த மட்டத்தைக் காட்டச் சொன்னேன். வீட்டுச் சுவரில் வெள்ளை அடித்துவிட்டார்கள், அடையாளம் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு மாட்டுக்கொட்டிலின் பின்தூணுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே வெள்ளை அடிக்கவில்லை. இடுப்புக்குக் கொஞ்சம் கீழே சேற்றுக் கோடு அப்படியே இருந்தது. ரியூப்பைப் பிடித்து அந்த உயரத்தையும் கொப்பியில் எழுதினேன். மதகு போட்ட புது மாதிரி அந்தத் தூணில் 11 சென்ரிமீற்றர் கூடக் காட்டுகிறது. மண் அடைத்த மதகு 2018இல் திறந்து இருந்ததா என்று மாமாவிடம் கேட்க வேண்டும்.